ஸர் ஆலெக் கின்னஸ்: வேடமும் மெய்யும்

உலகிற் புகழ் பெற்றோர் பலர்க்கு அவர்தம் செயலே அடையாளமாகும். நடிகர்க்கோ முகமே அடையாளமாகும். வீதிச் சுவர்களில் ஒட்டப்படும் விளம்பரத் தாள்களிலும், படக்காட்சி மன்றங்களின் முகப்பிலும் நடிகரின் முகமே பெரிதாக விளங்கக் காண்கின்றோம். மக்கள் அம்முகத்தைக் காணவே பொருள் கொடுத்து உட்புகுகின்றனர். ஆயின், தம் முகத்தை மறைத்தமையாலேயே பெரும்புகழ் எய்திய நடிகர் ஒருவர் ஆங்கில நாட்டில் வாழ்ந்தார். அவரே ஸர் ஆலெக் கின்னஸ் ஆவார். 1914-ஆம் ஆண்டிற் பிறந்து 2000-ஆம் ஆண்டில் மறைந்த அப்பெரியாரின் வாழ்க்கையையும் தொழிலையும் ஈண்டுச் சுருங்க எடுத்துரைக்கப் புகுந்தோம்.

அவரைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை வழங்கி வருகின்றது. ஒரு நாள் அவர் பெரிய உணவு விடுதி ஒன்றிற்குச் சென்று, தம் மேலங்கியை வாயிலில் இருந்த பணியாளரிடம் ஒப்புவித்து, அதற்கு அடையாளச் சீட்டு வேண்டினாராம். சீட்டு எதுவும் வேண்டுவதில்லை என்று பணியாளர் விடை கூறினார். தம்மை அவர் இன்னார் என்று அறிந்துகொண்டார் போலும் எனக் கின்னஸ் உள்ளூற மகிழ்ந்தார். உணவு முடித்து மேலங்கியைத் திரும்பப் பெற்றபோது, அதன் பையில் ஒரு துண்டுத் தாள் இருந்தது. அதில், வழுக்கைத் தலை, மூக்குக் கண்ணாடி என்று மட்டுமே எழுதியிருந்ததாம்! இக்கதை நடந்தவாறே உண்மையோ அன்றோ, அவருடைய இயல்பை நன்கு விளக்குகின்றது. மேடையிலும் திரையிலும் நூறு உருவங் கொண்டு மக்களைக் கவர்ந்த அவர், வீதியில் நடந்து செல்லும்போது எவர் கண்ணுக்கும் புலப்படாத எளிய மனிதராகவே விளங்கினார்.

நம்மவருள் முதியோர் சிலர், நடிப்பென்பது பொய்யே என்றும், பொய்யைத் தொழிலாகக் கொண்டவன் மெய்யனாதல் அரிது என்றும் கருதி வந்தனர். பக்தியுள்ள குடும்பங்கள் பலவற்றில் நாடகமும் சினிமாவும் ஐயுறவோடு நோக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அவ்வையம் முற்றிலும் பொருளற்றது என்று யாம் கூறமாட்டோம். வேடம் பொய்யாவதும் உண்டு. அது மெய்யை விளக்கும் விளக்காவதும் உண்டு. எப்பொழுது அது பொய்யாகின்றது, எப்பொழுது மெய்யாகின்றது என்னும் வினாவிற்குக் கின்னஸின் வாழ்க்கை தக்கதொரு விடை அளிக்கின்றது என்பது எம் கருத்து.

பிறப்பும் இளமையும்

ஆலெக் 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2-ஆம் நாள் லண்டன் மாநகரிற் பிறந்தார். தாயார் ஆக்னெஸ் கப் என்பவர். பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டது. தம்மைப் பெற்ற தந்தை யாவர் என்பதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் உறுதியாக அறிந்திலர். ஸ்காட்லாந்து தேசத்து வங்கியாளர் ஒருவர் அவருடைய பள்ளிச் செலவிற்குப் பொருள் உதவி வந்தார். அவரே தந்தையாதல் கூடும் என்று பிற்காலத்திற் பலர் கருதினர்.

அவர் சிறுவராயிருந்தபொழுது தாயார் படைத்தலைவர் ஒருவரை மணந்தார். அம்மணம் நெடுநாள் நிலைக்கவில்லை. அக்காலம் சிறுவருக்கு அச்சமும் துன்பமும் நிறைந்ததாயிற்று. வாடகை கொடுக்க வகையின்றித் தாயும் மகனும் விடுதி விட்டு விடுதி மாறித் திரிந்தனர். பதினான்கு வயது நிரம்புவதற்குள் தமக்கு மூன்று பெயர்கள் வழங்கின என்றும், முப்பது அளவிலான விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தாம் வாழ்ந்ததாகவும் அவரே தம் சரிதையில் எழுதியுள்ளார். கின்னஸ் என்பதே பதிவில் உள்ள தம் பெயர் என்பதும் அந்த வயதிலேதான் அவருக்குத் தெரியவந்தது. தான் யார் என்பதை அறியாத சிறுவன், பிறர் யார் என்பதைக் கூர்ந்து நோக்கக் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

பள்ளியில் ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகம் நடிக்கப்பட்டபோது, போர்க்களச் செய்தி கொணரும் தூதன் வேடம் அவருக்குக் கிடைத்தது. மேடையேறும் முன்னர் அவர் விளையாட்டு வெளியைச் சுற்றி ஓடிவந்து, மெய்யாகவே மூச்சு வாங்க நின்று செய்தி கூறினார் என்பர். வேடம் உடலினின்று தொடங்குதல் வேண்டும் என்னும் அவர் கொள்கை, இச்சிறு செயலிலேயே முளைத்தது எனலாம்.

மேடையும் கடற்படையும்

பள்ளியை விட்ட பின்னர், விளம்பர வாசகங்கள் எழுதும் அலுவலகம் ஒன்றில் அவர் சிறிது காலம் பணியாற்றினார். ஆயினும் உள்ளம் நாடக மேடையையே நாடிற்று. அக்காலத்தில் ஆங்கில மேடையின் ஒளிவிளக்காயிருந்தவர் ஜான் கீல்குட் என்பவர். முன்பின் அறிமுகம் இல்லாத கின்னஸ் துணிந்து அவரை அணுகி யோசனை கேட்டார். கீல்குட் அவரை மார்ட்டிடா ஹண்ட் என்னும் நடிகையாரிடம் பயிற்சி பெறுமாறு அனுப்பினார். பின்னர் பே காம்ப்டன் நாடகப் பள்ளியில் உபகாரச் சம்பளம் பெற்றுச் சிலகாலம் பயின்றார். அந்நாளில் அவர் அடைந்த வறுமை சிறிதன்று. வேலையின்றிப் பசித்திருந்த ஒரு நாள், கீல்குட் 20 பவுன் எடுத்து நீட்டியபோதும், மானம் மேலிட்டு அதனைப் பெற மறுத்துவிட்டார்.

1934-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள், தம் இருபதாவது பிறந்தநாளில், பேச்சில்லாத சிறு வேடத்தில் அவர் முதன்முதல் லண்டன் மேடை ஏறினார். அவ்வாண்டிலேயே வேறொரு நாடகத்தில் சீனக் கூலியாளாகவும், பிரெஞ்சுக் கடற்கொள்ளைக்காரனாகவும், ஆங்கில மாலுமியாகவும் ஒரே இரவில் மூன்று வேடங்கள் தாங்கினார். ஆண்டின் இறுதியில் கீல்குட் நடத்திய ஹாம்லெட் நாடகத்தில் ஆஸ்ரிக் என்னும் பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. ஒத்திகையின்போது அவர் நடிப்பு மிகவும் கெட்டுவிட்டதெனக் கீல்குட் சினந்து, ஒருவாரம் அப்பாற் போய்க் கற்றுக்கொண்டு வருமாறு துரத்தினார். கின்னஸ் அவ்வாறே சென்று மீண்டார். பிறகு கீல்குட்டின் பாராட்டையும் பெற்றார். ஆசிரியரின் சினத்தைக் கண்டு சோர்ந்துபோகும் மாணவர் இச்செய்தியை நினைவிற் கொள்ளத் தகும்.

1938-ஆம் ஆண்டில் டைரோன் கத்ரி என்னும் டைரக்டர், ஓல்டு விக் நாடக அரங்கில், ஹாம்லெட்டை ஒருவரியும் குறைக்காமல், இக்கால உடையில் அரங்கேற்றினார். அதில் தலைமை வேடம் பூண்டவர் இருபத்துநான்கு வயதுடைய கின்னஸ். அவ்வாண்டிலேயே மெரூலா சாலமன் என்னும் நடிகையாரை மணந்தார். 1940-இல் மாத்யூ என்னும் மைந்தர் பிறந்தார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, 1941-இல் கின்னஸ் சாதாரண மாலுமியாகக் கடற்படையிற் சேர்ந்து, மறு ஆண்டு அதிகாரியாக உயர்ந்தார். 1943-ஆம் ஆண்டு ஜூலையில் ஸிஸிலித் தீவின்மேல் நடந்த படையெடுப்பில், போர்வீரரைக் கரையிறக்கும் கலம் ஒன்றிற்கு அவர் தலைவர். தாக்குதல் சிறிது நேரம் தள்ளிவைக்கப்பட்டது என்னும் செய்தி அவர் கலத்திற்கு எட்டவில்லை. ஆதலின் அக்கலம் ஏனையவற்றிற்கு முன்னரே தனித்துக் கரை சேர்ந்தது. மேடையில் வீரர் வேடம் புனைந்தவர், உண்மைப் போரின் நடுவிலும் இவ்வாறு நிற்கலானார்.

திரையிற் புகுதல்

சார்லஸ் டிக்கன்ஸின் கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் என்னும் நாவலை முன்னரே கின்னஸ் நாடகமாக்கி, ஹெர்பர்ட் பாக்கெட் வேடத்தில் தாமும் நடித்திருந்தார். அந்நாடகத்தைக் கண்டு மகிழ்ந்தவருள் டேவிட் லீன் என்பவர் ஒருவர். போர் முடிந்த பின் லீன் அந்நாவலைப் படமாக்கியபோது கின்னஸுக்கே அவ்வேடத்தை அளித்தார். 1946-இல் வெளிவந்த அப்படமே அவருடைய திரைவாழ்விற்கு அடிகோலிற்று.

அடுத்து லீன் ஆலிவர் டுவிஸ்டைப் படமாக்கினார். அதில் சிறுவரைத் திருடப் பழக்கும் பேகின் என்னும் முதியவன் வேடத்தைக் கின்னஸ் வேண்டினார். முப்பத்துநான்கு வயதும் நிரம்பாத அவருக்கு அது பொருந்தாது என்று லீன் மறுத்தார். தம்மை ஒருமுறை சோதித்துப் பார்க்குமாறு மட்டும் கின்னஸ் கேட்டு, முழு ஒப்பனையோடு வந்து நின்றார். லீன் திகைத்து, அப்பொழுதே இசைந்தார். நாவலின் முதற்பதிப்பிற்கு ஜார்ஜ் குருக்ஷாங்க் வரைந்த சித்திரங்களைப் பின்பற்றி, மிகப் பெரிய வளைந்த மூக்கு ஒன்று அவருக்குப் பொருத்தப்பட்டது.

1948-ஆம் ஆண்டில் அப்படம் வெளிவந்தபோது ஆங்கில நாட்டார் நடிப்பை வியந்தனர். ஆயின் வியப்பு மட்டுமா விளைந்தது? பேகின் யூத இனத்தவனாகக் கதையிற் கூறப்படுபவன். யூதரை இழிவுபடுத்த நெடுங்காலமாக வரையப்பட்டுவந்த கேலிச் சித்திரத்தின் மூக்கே அவ்வொப்பனையில் இருந்தது. ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டுச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. 1949-இல் பெர்லின் நகரில் அப்படம் காட்டப்பட்டபோது, உயிர் தப்பியிருந்த யூதர் வெகுண்டெழுந்து தடுத்தனர். அமெரிக்காவில் 1951 வரை அது வெளிவரவில்லை. வந்தபொழுதும் சில பகுதிகள் வெட்டப்பட்டே வந்தது. கின்னஸிடம் அவ்வினத்தார்மேற் பகை இருந்ததன்று. ஆயினும் அவ்வேடம் மனிதர் ஒருவரிடமிருந்து எடுக்கப்படவில்லை, சித்திரத்தினின்றே எடுக்கப்பட்டது. சித்திரத்தில் உறைந்திருந்த பழைய வெறுப்பும் அதனுடன் சேர்ந்தே திரைக்கு வந்துவிட்டது. வேடம் பொய்யாகும் இடம் இது.

எட்டு முகங்கள்

லண்டனின் மேற்கே ஈலிங் என்னும் இடத்திலிருந்த படச்சாலையார், 1949-இல் கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ் என்னும் நகைச்சுவைப் படத்தை வெளியிட்டனர். பிரபுக் குடும்பத்தாரால் புறக்கணிக்கப்பட்ட தாயின் மகன் ஒருவன், தனக்கும் பிரபுப் பட்டத்திற்கும் இடையே நிற்கும் உறவினரை ஒவ்வொருவராகக் கொல்வதே கதை. அவ்வுறவினருள் நால்வர் வேடம் கின்னஸுக்குத் தரப்பட்டது. நான்கு எதற்கு, எட்டு ஆகாதோ என்று அவரே கேட்டுப் பெற்றார். பிரபு, வங்கியாளர், குருவானவர், படைத்தலைவர், கடற்படைத் தலைவர், இளைஞர் இருவர், மூதாட்டி ஒருத்தி ஆகிய எண்மரும் அவரே!

தேவாலயத்தில் நிகழும் காட்சி ஒன்றில் அவ்வுறவினருள் அறுவர் ஒருங்கே தோன்றுகின்றனர். இஃது எங்ஙனம் இயன்றது என்று வினவுவோர்க்கு விடை கூறுவோம். காமிராவின் முன்னர்க் கறுப்பு மறைப்பு வைத்து, படச்சட்டத்தின் ஒரு பகுதி மட்டும் ஒளிபெறுமாறு செய்தனர். அப்பகுதியில் கின்னஸ் ஒரு வேடத்தோடு அமர, படம் பிடிக்கப்பட்டது. பின் பிலிம் சுருளைத் தொடக்கத்திற்கே திருப்பி, அப்பகுதியை மறைத்து அடுத்த பகுதியைத் திறந்தனர். அவரும் வேறு வேடம் புனைந்து வேறு இருக்கையில் அமர்ந்தார். இவ்வாறு ஒரே பிலிம் ஆறுமுறை காமிராவினுள் ஓடிற்று. இடையே காமிரா மயிரிழை அசைந்தாலும் அனைத்தும் பாழாகும். ஆதலின் அது தரையோடு இறுக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் இரவில் அதன் அருகிலேயே படுத்துக் காத்தார் என்பர்.

கருவியின் வித்தை ஒருபுறமிருக்க, எட்டு மாந்தரையும் எட்டு வேறு உயிர்களாகக் காட்டியது நடிகரின் வித்தை. ஒருவனுடைய நடையைக் கண்டுபிடித்தாலன்றி அவன் உள்ளம் தமக்குப் பிடிபடுவதில்லை என்பது கின்னஸின் வழக்கமான கருத்து. பிறர் முகத்தினின்று தொடங்குவர். அவரோ பாதத்தினின்று தொடங்கினார். தொடர்ந்து 1951-இல் தி லாவெண்டர் ஹில் மாப், தி மேன் இன் தி ஒயிட் ஸூட் ஆகிய இரண்டும், 1955-இல் தி லேடிகில்லர்ஸ் என்பதும் ஈலிங்கிலிருந்து வெளிவந்து, அவர் புகழை உலகெங்கும் பரப்பின.

கையைப் பற்றிய சிறுவன்

செஸ்டர்டன் படைத்த துப்பறியும் குருவான பாதர் பிரவுனின் வேடம் தாங்கி, பிரான்ஸ் தேசத்துப் பர்கண்டிப் பகுதியில் அவர் நடித்துவந்தார். அப்படம் 1954-இல் வெளிவந்தது. ஒரு நாள் மாலை இருட்டும் வேளையில், குருவின் நெடிய கறுப்பு அங்கியைக் களையாமலே அவர் தம் விடுதிக்கு நடந்தார். வழியில் சிறுவன் ஒருவன் ஓடிவந்து, தந்தையே என்று விளித்து, அவர் கையைப் பற்றிக்கொண்டு, ஓயாது பேசியவாறே உடன் நடந்தான். தம் பிரெஞ்சு மொழி குழந்தையை அச்சுறுத்துமோ என்று அஞ்சிய கின்னஸ் வாய் திறக்கவில்லை. சிறிது தொலைவு சென்றபின், சிறுவன் வணங்கி விடைபெற்று ஓடி மறைந்தான். முன்பின் அறியாத மனிதர்மேல், அணிந்த அங்கியொன்றையே கண்டு, குழந்தை அத்துணை நம்பிக்கை வைத்ததே என்னும் எண்ணம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. வேடம் புனைந்தவர் தாமே. ஆயின் நம்பிக்கை வேடமன்றே!

அதற்குச் சற்று முன்னர், பதினோரு வயதிருந்த மாத்யூ இளம்பிள்ளை வாதத்தால் இடுப்பிற்குக் கீழ் அசைவற்றுக் கிடந்தார். படச்சாலையினின்று வீடு திரும்பும் வழியில் இருந்த கத்தோலிக்க தேவாலயத்தில் கின்னஸ் நாள்தோறும் நுழைந்து சிறிது நேரம் அமர்ந்திருப்பார். மகன் பிழைத்தெழுந்தால், பின்னொருநாள் அவன் கத்தோலிக்க சபையிற் சேர விரும்பினும் தாம் தடைசெய்வதில்லை என்று கடவுளோடு உடன்படிக்கை செய்துகொண்டார். மாத்யூ மெல்ல மெல்ல நடக்கத் தொடங்கி, முற்றும் நலம் பெற்றார். 1956-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் கின்னஸே அச்சபையிற் சேர்ந்தார். சபை வேற்றுமைகளை ஆராய்தல் ஈண்டு எம் கருத்தன்று. தந்தை பெயர் அறியாத ஒருவர், தந்தையே என்று அழைத்த குழந்தையின் குரலாலும், தாம் தந்தையாக நின்று பட்ட துயராலும் ஆண்டவரிடம் வந்தடைந்தார் என்பதே எம் நெஞ்சைத் தொடுகின்றது.

ஆற்றுப் பாலம்

1957-இல் வெளிவந்த தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய் என்னும் படம், டேவிட் லீனால் இலங்கைத் தீவில், கித்துல்கல என்னும் ஊரருகே களனி ஆற்றங்கரையிற் பிடிக்கப்பட்டது. மெரூலா கத்தோலிக்க சபையிற் சேர்ந்ததும் அவர் இலங்கையிலிருந்த அக்காலத்திலேயே. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலப் படைத்தலைவர் நிக்கல்சன் என்பவரின் வேடம் கின்னஸுடையது. பகைவருக்குப் பாலம் கட்டிக்கொடுத்தலையே தம் படையின் பெருமையாக எண்ணி மயங்கிய மனிதர் அவர். அவரைச் சிறிது நகையோடும் பரிவோடும் காட்ட வேண்டுமென்று கின்னஸும், அது கூடாதென்று லீனும் படப்பிடிப்பு முழுவதும் பிணங்கினர்.

அதிகாரிகள் கூலிவேலை செய்யலாகாது என்று வாதாடிய நிக்கல்சனை, ஜப்பானியர் கொதிக்கும் தகரக் கொட்டிலில் பலநாள் அடைக்கின்றனர். பின்னர் அவர் வெளியே கொணரப்படுகின்றார். கால்கள் தம் வசத்தில் இல்லை; எனினும் தலை நிமிர்ந்தே நடக்க முயல்கின்றார். அந்நடை எங்கிருந்து வந்தது? நோயினின்று எழுந்து மகன் மாத்யூ முதன்முதல் நடக்க முயன்ற நடையையே கின்னஸ் அவ்விடத்தில் நடந்து காட்டினார். தம் நடிப்பிற் சிறந்த பகுதிகளுள் ஒன்றாக அவர் அதனைக் கருதினார். அவ்வேடத்திற்கே சிறந்த நடிகர்க்குரிய ஆஸ்கார் பரிசு 1958-இல் அவருக்கு வழங்கப்பட்டது. படமும் ஏழு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. பேகினின் மூக்கு தாளில் வரைந்த சித்திரம். நிக்கல்சனின் நடையோ அன்போடு நோக்கப்பட்ட ஒரு குழந்தையின் நடை. பொய்வேடத்திற்கும் மெய்வேடத்திற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இப்படத்தைப் பற்றித் தமிழராகிய நாம் மறவாமற் கூறவேண்டுவது ஒன்று உண்டு. கதை கற்பனையாயினும், சயாமிற்கும் பர்மாவிற்கும் இடையே ஜப்பானியர் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் இட்ட இரயில்பாதை உண்மை. சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகளுள் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயின் ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகின்றனர். அவருட் பெருந்தொகையினர் மலேயா ரப்பர்த் தோட்டங்களினின்று கொண்டுபோகப்பட்ட தமிழர். கொட்டிலில் அடைபட்ட அதிகாரியின் மானத்தை அப்படம் காட்டிற்று. காட்டில் பேதிநோயால் விழுந்த நம் கூலியாட்களின் கதைக்கு அதில் இடமில்லை. திரையில் தோன்றுவது மெய்யின் ஒரு பகுதியே என்பதையும், காமிராவின் கறுப்பு மறைப்பைப்போல் கதையும் சிலரை ஒளியிலும் சிலரை இருளிலும் வைக்கும் என்பதையும் நாம் இங்கே உணர்தல் வேண்டும்.

பிற்கால வாழ்வு

1959-இல் அவருக்கு ஸர் பட்டம் வழங்கப்பட்டது. 1962-இல் லாரன்ஸ் ஆப் அரேபியாவில் அரபு இளவரசர் பைசல் வேடம் தாங்கினார். 1984-இல் லீன் எடுத்த எ பாஸேஜ் டு இந்தியாவில் காட்போலே என்னும் இந்தியப் பேராசிரியராகத் தோன்றினார். அப்படத்தின் பெரும்பகுதி பெங்களூர்ப் பக்கங்களிற் பிடிக்கப்பட்டது. இந்தியர் ஒருவரே ஏற்றிருக்கவேண்டிய வேடம் அது என்று பலர் குறை கூறினர்; யாமும் அக்கருத்தினரே. அவரது பெருங்கலைக்கும் எல்லை உண்டு என்பதை அது காட்டிற்று.

1977-இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் என்னும் விண்வெளிக் கதையில் ஓபி வான் என்னும் முதிய வீரராக நடித்தார். இலாபத்தில் ஒரு பங்கு தமக்குச் சேருமாறு ஒப்பந்தம் செய்திருந்தமையால் பெருஞ்செல்வம் வந்தது. வேண்டாத புகழும் வந்தது. அப்படத்தை நூறுமுறைக்குமேற் கண்டதாகப் பெருமையோடு கூறிய சிறுவன் ஒருவனிடம், இனி அதனைக் காண்பதில்லை என்று வாக்களிக்குமாறு அவர் கேட்டார். சிறுவன் அழுதான், தாயார் சினந்தார். கற்பனை உலகிலேயே ஒரு குழந்தை வாழ்ந்து தேய்ந்துவிடலாகாதே என்னும் கவலை அவருக்கு. நாள்தோறும் படக்காட்சியிற் பொழுதை ஈடழிக்கும் இளைஞர், அப்படத்தில் நடித்தவரே கூறிய இவ்வறிவுரையை எண்ணிப் பார்ப்பாராக.

1979-இல் பி.பி.ஸி. தொலைக்காட்சியில் ஜான் லெ காரேயின் கதை தொடராக வந்தபோது, ஜார்ஜ் ஸ்மைலி என்னும் உளவுத்துறை அதிகாரியாக நடித்தார். தொடங்குமுன், உண்மையான உளவுத்துறைத் தலைவராயிருந்து ஓய்வுபெற்ற ஸர் மாரிஸ் ஓல்டுபீல்டை உணவு வேளையிற் சந்தித்து, அவர் நடையையும் கையசைவையும் உடையையும் கூர்ந்து நோக்கினார். வயது அறுபத்தைந்தாகியும், பள்ளித் தூதனாயிருந்த நாளிற்போலவே, அவர் மாணவராகவே இருந்தார். 1980-இல் வாழ்நாட் பணிக்காக மற்றோர் ஆஸ்கார் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

1985-இல் அவர் வெளியிட்ட சரிதையின் பெயர் பிளெஸ்ஸிங்ஸ் இன் டிஸ்கைஸ் என்பது. மாறுவேடத்தில் வந்த நன்மைகள் என்று அதனைத் தமிழிற் கூறலாம். தம்மைப் பற்றி எழுதத் தொடங்கியவர், நூலின் பெரும்பகுதியைத் தமக்கு உதவியவரையும் தம்மோடு நடித்தவரையும் புகழ்வதற்கே செலவிட்டார். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள், 86-ஆம் வயதில், தென் இங்கிலாந்தில் அவர் காலமானார். அறுபத்திரண்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்த மெரூலா அம்மையாரும் அவ்வாண்டு அக்டோபரில் அவரைப் பின்தொடர்ந்தார்.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு மீள்வோம். வேடம் பொய்யோ, மெய்யோ? பிறரை நோக்காமல், பிறரைப் பற்றி நாம் முன்னரே கொண்ட சித்திரத்தைப் புனைந்தால் அது பொய். அறியாமலேனும் அது ஓரினத்தாரை வருத்தும். பிறர் ஒருவரை அன்போடும் பொறுமையோடும் நோக்கி, அவர் துன்பத்தை நம் உடலில் ஏற்றுக் காட்டினால், அது மெய். இவ்விரண்டையும் ஒரே மனிதர் செய்தார் என்பதே இவ்வாழ்க்கையின் பாடம்.

நாமனைவரும் மேடை ஏறுவோரல்லோம். ஆயின் கல்லூரியை விட்டு உலகிற் புகும் ஒவ்வொருவரும் ஆசிரியர், வைத்தியர், அதிகாரி, குரு என்று ஏதேனும் ஓர் அங்கியை அணிந்தே தீர்வோம். மாலையிருளில் எவரேனும் ஓடிவந்து, அவ்வங்கியை நம்பி நம் கையைப் பற்றக்கூடும். அந்நம்பிக்கைக்கு உரியோராய் நடத்தலே நம் கடன்.